கயிறு கட்டி இழுத்து வந்த படகுகள்

பழவேற்காட்டுக் கடற்கரையில் ஒரு மாலை நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மீன்பிடிப் படகுகள் கரை திரும்பும். தொலைவில் எண்ணூரையும் சென்னையையும் நோக்கிப் பெரிய சரக்குக் கப்பல்கள் அசையாதவை போல் நகரும். தெற்கே திரும்பினால் காட்டுப்பள்ளியில் துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரியும். 1971ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்த வங்கக் கடலில் ஒரு விநோதமான ஊர்வலம் தெற்கு நோக்கிச் சென்றது. சாம்பல் நிறப் போர்ப் படகுகள், தம் இயந்திரங்களை ஓட்டாமல், பெரிய கப்பல்களின் பின்னால் கயிற்றால் இழுபட்டுப் போயின. கட்டுக் கயிற்றில் போகும் மாட்டைப் போல் போன அந்தப் படகுகள், உண்மையில் அன்று நம் நாட்டிடம் இருந்த மிக விரைவான போர்க் கலங்கள். அவற்றின் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். கதைக்குள் போகுமுன் அவற்றின் பாட்டனாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டார்பிடோ படகின் பிறப்பு

1866இல் ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற பொறியாளர், தண்ணீருக்குள் தானே நீந்திச் சென்று கப்பலில் மோதி வெடிக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். அதுதான் டார்பிடோ. அதற்குமுன் ஒரு பெரிய போர்க்கப்பலை மூழ்கடிக்க இன்னொரு பெரிய போர்க்கப்பல் வேண்டும். டார்பிடோ வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. இரும்புக் கவசம் கப்பலின் மேற்பக்கத்தில்தானே தடிமனாக இருக்கிறது? நீர்மட்டத்திற்குக் கீழே ஓட்டை போட்டால் போதுமே! அந்த வேலையைச் சின்னப் படகு ஒன்றே செய்துவிடலாம்.

இதைக் கண்டு பெரிய கப்பற்படைகள் கலங்கின. டார்பிடோ படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே ஒரு புதிய வகைக் கப்பலைக் கட்டின. ‘டார்பிடோ படகு அழிப்பான்’ என்பதே அதன் முழுப் பெயர். நாளடைவில் பெயரின் முன்பாதி உதிர்ந்து, ‘அழிப்பான்’ என்பது மட்டும் தங்கிவிட்டது. இன்று நாம் ‘நாசகாரி’ என்று சொல்லும் டெஸ்டிராயர் கப்பல் இதுதான். இந்தப் பெயர் வரலாற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் உலகப் போரில் பெட்ரோல் இயந்திரம் பூட்டிய டார்பிடோ படகுகள் வந்தன. 1918 ஜூன் 10 அன்று விடியற்காலையில் இத்தாலியக் கப்பற்படையின் லூயிஜி ரிஸ்ஸோ, ஒரு சிறு மோட்டார் படகிலிருந்து விட்ட டார்பிடோக்களால் ஆஸ்திரியா-ஹங்கேரியின் ‘செண்ட் இஸ்த்வான்’ என்ற 20,000 டன் போர்க்கப்பலை மூழ்கடித்தார். உலகம் வாயடைத்து நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குள் இவை நன்றாக வளர்ந்துவிட்டன. இங்கிலாந்தில் 1937இல் கட்டப்பட்ட ‘எம்.டி.பி. 102’ என்ற படகின் நீளம் 68 அடிதான். ஆனாலும் மணிக்கு 48 நாட் வேகம் கொண்டது. 1940இல் டன்கிர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்டபோது கால்வாயைப் பலமுறை கடந்தது. 1944இல் நார்மண்டிப் படையெடுப்புக்காகத் திரண்ட கப்பல்களைப் பார்வையிட வந்த சர்ச்சிலையும் ஐசனோவரையும் ஏற்றிச் சென்றது. போர் முடிந்து எத்தனையோ கப்பல்கள் உடைக்கப்பட்ட பிறகும் இந்தப் படகு பாதுகாக்கப்பட்டுவிட்டது. படகுகளுக்கும் அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு போலிருக்கிறது!

ஆனால் இந்தப் படகுகளுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. டார்பிடோ தண்ணீருக்குள் ஓடவேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே அன்றைய நல்ல டார்பிடோகூட வினாடிக்கு 20 மீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். இலக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போய்ச் சேர முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் எதிரிக் கப்பல் திரும்பிவிடலாம். எனவே படகு எதிரியின் பீரங்கி வாய்க்கு முன்னால், மிக அருகில் போயாக வேண்டும். மேலும் பெரும்பாலான படகுகள் உயர்ரகப் பெட்ரோலைச் சுமந்தன. ஒரு குண்டு பட்டால் படகே தீவட்டியாகிவிடும். இப்படகுகளில் பணியாற்றியவர்களின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு அவசியம் ஏற்பட்டதே இந்தக் குறைகளால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொசுவும் குளவியும்

போருக்குப் பின் சோவியத் பொறியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: டார்பிடோவை எடுத்துவிட்டு, காற்றில் பறக்கும் ஏவுகணையை அதே படகில் வைத்தால் என்ன?

அப்படியே செய்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு மர டார்பிடோ படகின் உடலை எடுத்து, அதன் மேல் இரண்டு ஏவுகணைக் கூண்டுகளைப் பொருத்தினார்கள். அதுதான் ‘கோமார்’. ரஷ்ய மொழியில் கோமார் என்றால் கொசு. அடுத்து நான்கு ஏவுகணைகள் தாங்கும் எஃகுப் படகு ஒன்றைப் புதிதாக வடிவமைத்தார்கள். அதற்கு மேற்கு நாடுகள் இட்ட பெயர் ‘ஓசா’. அதன் பொருள் குளவி.

கொசுவின் கடி 1967 அக்டோபர் 21 அன்று உலகுக்குத் தெரிந்தது. எகிப்தின் கோமார் படகுகள் போர்ட் சையத் துறைமுகத்தை விட்டு வெளியே வராமலே ஏவுகணைகளைச் செலுத்தி, இஸ்ரேலின் ‘ஐலட்’ என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 47 பேர் இறந்தனர். கப்பலிலிருந்து எறிந்த ஏவுகணை இன்னொரு கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் முறை.

இந்தியா சோவியத் நாட்டிடமிருந்து எட்டு ஓசா படகுகளை வாங்கியது. வீர், வித்யுத், விஜேதா, விநாஷ், நிபாத், நாஷக், நிர்பீக், நிர்காத் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். இவற்றில் பணியாற்ற வேண்டிய நம் மாலுமிகள் விளாடிவாஸ்டாக் நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார்கள். உறைபனிக் குளிரில், ரஷ்ய மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே பாடம் கேட்க வேண்டியிருந்தது.

படகின் வயிற்றுக்குள்

இந்தப் படகு எவ்வளவு பெரியது? நீளம் 39 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் மின்தொடர் வண்டியின் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து வைத்தால் இதைவிட நீளமாகவே இருக்கும். எடை ஏறக்குறைய 200 டன். ஆட்கள் முப்பது பேர் அளவில்.

இந்தச் சிறிய உடலுக்குள் மூன்று டீசல் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 4,000 குதிரைத்திறன். உங்கள் லாரியின் இயந்திரத்தில் நான்கு அல்லது ஆறு சிலிண்டர்கள் இருக்கும். இந்த இயந்திரம் ஒவ்வொன்றிலும் 42 சிலிண்டர்கள்! ஏழு வரிசைகள், வரிசைக்கு ஆறு; நடுத்தண்டைச் சுற்றி நட்சத்திரம் போல் அமைந்தவை. மூன்றையும் சேர்த்தால் 12,000 குதிரைத்திறன். அந்நாளில் நம் ரயில்களை இழுத்த டீசல் எஞ்சினின் திறன் 2,600. அத்தகைய எஞ்சின்கள் நான்கைச் சேர்த்தாலும் இந்தப் படகின் திறனுக்கு எட்டாது.

ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பாருங்கள். படகுக்கு ஏறக்குறைய 60 வருகிறது. இந்தக் கதையில் பின்னால் வரப்போகும் ‘கைபர்’ என்ற நாசகாரிக் கப்பலின் வகைக்கு, நிறைசுமையில் 15 அளவில்தான் வரும். இதுதான் விரைவின் ரகசியம். எடையைக் குறைக்க மேற்கட்டு முழுவதும் அலுமினியம்-மக்னீசியம் கலப்பு உலோகத்தால் ஆனது.

இன்னொரு ரகசியம் அடித்தளத்தின் வடிவில் இருக்கிறது. குளத்தில் தட்டையான சில்லை எறிந்து தத்தித் தத்திப் போகவிட்டிருக்கிறீர்கள் அல்லவா? சில்லு வேகமாகப் போகும்வரை தண்ணீர் அதை மேலே தூக்கிவிடுகிறது. வேகம் குறைந்ததும் அமிழ்ந்துவிடுகிறது. சாதாரணக் கப்பல் தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. விரைவுப் படகோ வேகம் கூடும்போது முன்பக்கத்தைத் தூக்கி, தண்ணீரின் மேல் ஓரளவு ஏறி ஓடுகிறது. நனையும் பரப்பு குறைவதால் தடையும் குறைகிறது. இப்படித்தான் மணிக்கு 38 நாட்டுக்கு மேல், அதாவது 70 கிலோமீட்டர் வேகத்தில் அது பறந்தது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

இனி ஆயுதம். ஏவுகணை ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடை. நீளம் ஆறு மீட்டர் அளவு. அதாவது ஒரு சிறிய விமானம். தலையில் ஏறத்தாழ 500 கிலோ வெடிமருந்து. கிளம்பும்போது அடியிலுள்ள திட எரிபொருள் ராக்கெட் ஒன்று அதைத் தள்ளிவிட்டுக் கழன்று விழும். பிறகு திரவ எரிபொருள் ராக்கெட் வேலை செய்யும். இந்தத் திரவங்கள் இரண்டு: ஒன்று எரிபொருள், மற்றொன்று நைட்ரிக் அமிலம் கலந்த ஆக்சிஜனூட்டி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டவுடன் தாமே தீப்பற்றும், தீக்குச்சி தேவையில்லை. உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலக் குப்பியை ஆசிரியர் எவ்வளவு எச்சரிக்கையாக எடுக்கிறார்! அப்படியானால் கடலில் ஆடும் படகுக்கு அதை நிரப்பிக் கொடுப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முகமூடியும் காப்புடையும் இல்லாமல் அருகில் போகவே முடியாது.

ஏவுகணை 40 கிலோமீட்டர் வரை செல்லும். சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பினால் பொன்னேரியைத் தாண்டிக் கவரைப்பேட்டை அளவுக்கு. ரயிலில் அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் பாயும் ஏவுகணைக்கு இரண்டே கால் நிமிடம் போதும். இலக்கை நெருங்கியதும் தன் மூக்கிலுள்ள ராடாரை அதுவே இயக்கி, கப்பலைத் தேடிக்கொள்ளும்.

அடிவானத்துக்கு அப்பால்

40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பல் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. உலகம் உருண்டை. கடற்கரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அடிவானம் நான்கரைக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ராடார் அலைகள் காற்றில் சற்று வளைவதால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கணக்கு எளிதாக இருக்க, படகின் ராடார் 9 மீட்டர் உயரத்திலும் எதிரிக் கப்பலின் கொடிமரம் 36 மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வர்க்கமூலங்கள் 3, 6. கூட்டினால் 9. அதை 4.12ஆல் பெருக்கினால் 37 கிலோமீட்டர். ஏவுகணையின் வீச்சும் ராடாரின் பார்வையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா?

அரபிக் கடலில் இயற்கை இன்னொரு சலுகையும் தருகிறது. மழைக்காலம் அல்லாத மாதங்களில் நிலத்திலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்று, கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் போர்வை போல் படர்ந்துவிடும். ராடார் அலை அந்தப் போர்வைக்கும் கடலுக்கும் நடுவே குழாய்க்குள் போவது போல் வழிந்து, அடிவானத்தையும் தாண்டிச் செல்லும். அப்போது சாதாரணமாகத் தெரியாத தொலைவிலுள்ள கப்பல்களும் திரையில் புள்ளியாகத் தெரியும்.

பளுதூக்கி இல்லாத துறைமுகம்

இப்போது நம் கயிற்றுக் கதைக்கு வருவோம். படகுகள் சோவியத் நாட்டிலிருந்து பெரிய சரக்குக் கப்பல்களின் மேல் ஏற்றி அனுப்பப்பட்டன. அவை போய்ச் சேர வேண்டிய இடம் பம்பாய், அதாவது இன்றைய மும்பை. ஆனால் இவ்வளவு எடையைத் தூக்கி இறக்கும் பளுதூக்கி அப்போது பம்பாயில் இல்லை! கல்கத்தாவில் இருந்தது. எனவே படகுகள் கல்கத்தாவில் இறக்கப்பட்டன. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குக் கடல்வழியே 2,000 கடல் மைலுக்குக் குறையாது. வங்கக் கடலில் இறங்கி, இலங்கையைச் சுற்றி, அரபிக் கடலில் ஏற வேண்டும். பாக் நீரிணை வழியாகக் குறுக்கே போகலாமே என்று கேட்பீர்கள். ராமேசுவரத்துக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகள் கப்பல்களுக்கு வழி விடுவதில்லை.

சொந்த இயந்திரத்தில் ஏன் போகவில்லை? குதிரைப் பந்தயக் குதிரையை வண்டியில் பூட்டுவதில்லை, அதே காரணம்தான். இத்தகைய இயந்திரத்தின் ஆயுள் ஓடும் மணிக்கணக்கில் எண்ணப்படுவது. வழியிலேயே அதைத் தேய்த்துவிட்டால் போருக்கு என்ன மிஞ்சும்? ஆகவே கப்பற்படைக் கப்பல்கள் அவற்றைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றன.

கடலில் இழுப்பது சாலையில் பழுதான காரை இழுப்பது போன்றதல்ல. முன்னால் போகும் கப்பல் ஒரு அலையின் மேல் ஏறும். பின்னால் வரும் படகு வேறொரு அலையின் பள்ளத்தில் இறங்கும். கயிறு விறைப்பாக இருந்தால் ஒரே வெட்டில் அறுந்துவிடும், அல்லது கட்டியிருக்கும் இடத்தைப் பிய்த்துவிடும். எனவே மிக நீளமான, கனத்த கயிற்றைத் தொய்வாக விடுவார்கள். வெட்டி இழுக்கும்போது முதலில் அந்தத் தொய்வு நிமிரும். விசை மெல்ல மெல்லப் படகுக்குப் போகும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறீர்களே, அதே தத்துவம்.

இந்தத் தொல்லையான பயணம் ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்தது. படகுகள் வாங்கப்பட்டது துறைமுகக் காவலுக்கு. முழு வேகத்தில் ஓடினால் சுமார் 500 கடல் மைலில் எண்ணெய் தீர்ந்துவிடும். பம்பாயிலிருந்து கராச்சிக்குப் போகவே ஏறக்குறைய அவ்வளவு தூரம். போனால் திரும்ப முடியாது. ஆனால் இலங்கையைச் சுற்றி இழுத்து வந்த படகைக் கராச்சிக்கு அருகே வரை இழுத்துப் போக முடியாதா? கடைசி ஓட்டத்துக்கு மட்டும் எண்ணெயைச் செலவழித்தால் போதுமே! துறைமுகத்தில் ஒரு பளுதூக்கி இல்லாத குறை, நம் மாலுமிகளுக்கு இழுவைக் கலையில் நல்ல பயிற்சியாக முடிந்தது.

டிசம்பர் 4 இரவு

1971 டிசம்பர் 3 அன்று பாகிஸ்தானுடன் போர் மூண்டது. மறுநாளே ‘டிரைடண்ட்’ என்று பெயரிட்ட தாக்குதல் தொடங்கியது. நிர்காத், நிபாத், வீர் ஆகிய மூன்று படகுகள். அவற்றுக்குத் துணையாகக் கில்தான், கச்சால் என்ற இரண்டு கப்பல்கள். எண்ணெய் கொடுக்கப் ‘போஷக்’. கில்தானில் இருந்து குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கமாண்டர் கோபால் ராவ். இவர் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, 2021 ஆகஸ்டில் தமது 94ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். ஏவுகணைப் படகுப் பிரிவின் தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ் நிபாத்தில் இருந்தார். இருவருக்கும் பின்னர் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

பகல் முழுவதும் இக்குழு கராச்சிக்குத் தெற்கே சுமார் 250 கடல் மைல் தொலைவில், எதிரி விமானங்களின் கண்ணில் படாமல் காத்திருந்தது. அந்தி சாய்ந்ததும் வடக்கே திரும்பியது. இரவு நேரத்தில் கடற்கலங்களைத் தேடித் தாக்கும் வசதி அன்று பாகிஸ்தான் விமானங்களுக்கு இல்லை என்பதை வைத்தே நேரம் குறிக்கப்பட்டது. விளாடிவாஸ்டாக்கில் கற்ற ரஷ்ய மொழியிலேயே நம் மாலுமிகள் வானொலியில் பேசிக்கொண்டார்கள் என்றும் சொல்வதுண்டு. ஒட்டுக் கேட்பவர்கள் குழம்பட்டும் என்றுதான்!

முதல் இலக்கு நிர்காத்துக்குக் கிடைத்தது. அது ‘கைபர்’ என்ற பாகிஸ்தானிய நாசகாரி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் கட்டப்பட்டு, பிறகு பாகிஸ்தானுக்கு விற்கப்பட்ட கப்பல். பாகிஸ்தான் நேரப்படி இரவு பத்தே முக்கால் மணி அளவில் அதன் மேல்தளத்திலிருந்த மாலுமிகள் வானில் ஒரு பிரகாசமான ஒளி தங்களை நோக்கி வருவதைக் கண்டார்கள். விமானம் என்று நினைத்துச் சுட்டார்கள். அது நிர்காத்தின் ஏவுகணை. கப்பலின் வலப் பக்கத்தில் மோதி வெடித்தது. விளக்குகள் அணைந்தன, கொதிகலன் அறையில் புகை நிறைந்தது. எதிரி விமானம் தாக்கிவிட்டதாகவே கைபர் கராச்சிக்குச் செய்தி அனுப்பியது. பதற்றத்தில் இடக்குறிப்பும் தவறாகப் போய்விட்டது. சில நிமிடங்களில் இரண்டாவது ஏவுகணை வந்தது. கைபர் மூழ்கியது.

ஆரம்பத்தில் பார்த்த பெயர் வரலாறு நினைவிருக்கிறதா? டார்பிடோ படகை அழிக்கவென்று பிறந்த கப்பலை, டார்பிடோ படகின் பேரன் அழித்துவிட்டான்.

222 பேர் அந்தக் கப்பலோடு போனார்கள். இடக்குறிப்பு தவறாக இருந்ததால் தப்பியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் தாமதமாயிற்று. ஏவுகணையின் வீச்சையும் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கின் மறுமுனையில் இருந்தவர்கள் இவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களைத் தாக்கியது எது என்றே தெரிந்திருக்காது.

வீர் எறிந்த ஏவுகணை ‘முகாபிஸ்’ என்ற கண்ணிவாரிக் கப்பலைத் தாக்கியது. காந்தக் கண்ணிகளில் சிக்காமல் இருக்க அதன் உடலை மரத்தால் கட்டியிருந்தார்கள். கண்ணிக்குத் தப்ப உதவிய மரம் ஏவுகணைக்கு முன் என்ன செய்யும்? ஒரு செய்திகூட அனுப்ப நேரமில்லாமல் அது சிதறிப்போயிற்று. 33 பேர் இறந்தனர். நிபாத், வெடிமருந்து ஏற்றி வந்த ‘வீனஸ் சேலஞ்சர்’ என்ற சரக்குக் கப்பலைத் தாக்கியதாக இந்தியத் தரப்புக் குறிப்புகள் கூறுகின்றன. பிறகு அது இன்னும் முன்னேறி, கராச்சித் துறைமுகத்தின் கியாமாரி எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி ஓர் ஏவுகணையைச் செலுத்தியது. அதே டிசம்பர் 4ஆம் தேதி பகலில் நம் விமானப்படையின் ஹண்டர் விமானங்களும் அந்தத் தொட்டிகளைத் தாக்கியிருந்தன. தீ வைத்த பெருமை யாருக்கு என்பதில் நம் இரு படைகளுக்குள்ளேயே நட்பான வழக்கு உண்டு! போரின் கணக்குகள் எப்போதும் இப்படித்தான். இரு நாடுகளின் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் எல்லா எண்களும் பொருந்துவதில்லை.

நம் படகுகள் மூன்றும் பத்திரமாகத் திரும்பின. அந்த நாளே ஆண்டுதோறும் டிசம்பர் 4இல் கப்பற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. கராச்சியிலோ அச்சம் பரவிவிட்டது. டிசம்பர் 6 அன்று பாகிஸ்தான் விமானம் ஒன்று, தன் நாட்டுக் கப்பலான ‘சுல்பிகா’ரையே இந்திய ஏவுகணைப் படகு என்று எண்ணிச் சுட்டது. டிசம்பர் 8 இரவு ‘விநாஷ்’ என்ற ஒற்றைப் படகு, தல்வார், திரிசூல் என்ற இரு கப்பல்களின் துணையோடு போய்த் தன் நான்கு ஏவுகணைகளையும் எறிந்துவிட்டு வந்தது. எண்ணெய்த் தொட்டிகள் மீண்டும் எரிந்தன.

பழைய டார்பிடோவின் காலம் இதோடு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மறுநாள், டிசம்பர் 9 அன்று இரவு, பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி விட்ட டார்பிடோவால் நம் ‘குக்ரி’ கப்பல் மூழ்கியது. கேப்டன் மகேந்திர நாத் முல்லாவும் அவருடன் 190க்கும் மேற்பட்டோரும் உயிர் நீத்தனர். டார்பிடோ படகை விட்டுவிட்டு, தண்ணீருக்கு அடியில் போய் வேறொரு வீடு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பெயர்கள் தொடர்கின்றன

எட்டுப் படகுகளும் பிறகு ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. அவற்றில் பலவற்றின் பெயர்களைப் புதிய, பெரிய ஏவுகணைக் கப்பல்களுக்கு வைத்தார்கள். புதிய வீர் 1987இலும் புதிய நிர்காத் 1989இலும் பணியில் சேர்ந்தன. அவையும் தங்கள் காலத்தை முடித்து, வீர் 2016இலும் நிர்காத் 2018 ஜனவரியிலும் விடை பெற்றன.

மறுபடி காட்டுப்பள்ளிக்கு வருவோம். உங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள இந்த ஊரில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடலோரக் காவற்படையின் ‘விக்ரம்’ என்ற ரோந்துக் கப்பலும் அதன் ஆறு உடன்பிறப்புகளும் இங்கே பிறந்தவை. ஏழில் கடைசியான ‘விக்ரகா’ 2021 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது இவற்றில் எதுவும் அல்ல. 2017 ஜூன் 20 அன்று இங்கிருந்து கடலில் இறக்கப்பட்ட ஒரு மிதவைத் துறைதான். 185 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட மாபெரும் எஃகுத் தொட்டி அது. தன் அறைகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு அமிழும். பழுதுபார்க்க வேண்டிய கப்பல் மேலே மிதந்து வந்து நிற்கும். நீரை வெளியேற்றியதும் கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை இதைவிடப் பெரிய அளவில் பார்க்க முடியுமா? 8,000 டன் எடையுள்ள கப்பல்வரை அதனால் தூக்க முடியும். 1971இல் பம்பாயில் தூக்க முடியாமல் நின்ற படகின் எடை 200 டன் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தமான் கடலில் பணியாற்றக் கட்டப்பட்ட இந்த மிதவைத் துறைக்குத் தனக்கென்று இயந்திரம் கிடையாது. எங்கே போக வேண்டுமானாலும் இழுவைக் கப்பல்கள்தான் கயிறு கட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.